ஆங்கிலத்தில் ஒரு சொல், ஸ்பானியத்தில் எந்தச் சொல்?

"எத்தனை தடவை சொன்னேன்", "இப்போது மணி என்ன", "எனக்கு நேரமில்லை", "அந்தக் காலத்தில் இப்படி இல்லை" என்னும் நான்கு தொடர்களையும் ஸ்பானிய மொழியில் சொல்ல விரும்பும் ஒருவர், அவற்றை முதலில் மனத்துக்குள் ஆங்கிலமாக்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தடவை, மணி, நேரம், காலம் என்று தமிழில் தனித்தனியாக நின்றவை ஆங்கிலத்தில் 'டைம்' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. அந்த ஒரு சொல்லோடு அவர் ஆங்கிலம்–ஸ்பானியம் அகராதியைத் திறந்தால் அங்கே வெஸ், ஓரா, தியெம்போ, எபோக்கா என்று நான்கு சொற்கள் இருக்கின்றன. வெஸ் என்பது தடவை. ஓரா என்பது மணி. தியெம்போ என்பது நேரம். எபோக்கா என்பது காலம். தமிழில் அவரிடம் ஏற்கெனவே இருந்த தெளிவு நடுவில் தொலைந்து, மறுமுனையில் மீண்டும் தேட வேண்டியதாகிறது.

ஸ்பானிய மொழி கற்கும் தமிழர்களில் மிகப் பலர் ஆங்கிலத்தின் வழியாகவே கற்கிறார்கள். பாடநூலும் அகராதியும் கைப்பேசிச் செயலியும் ஆங்கிலத்தை நடுவில் வைத்தே அமைந்திருக்கின்றன. அது தவிர்க்க முடியாத ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்கிறோம் என்று நினைத்து அகராதியைத் திறப்பதற்கும், ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தில் அந்தச் சொல் தாங்கி நிற்கும் பொருளைப் பெயர்க்கிறோம் என்று நினைத்துத் திறப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. பிழைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, தமிழ் வாசகர் ஆங்கிலச் சொல்லின் பொருளை முதலில் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்பானியச் சொல்லைத் தேட வேண்டும் என்பதை இக்கட்டுரை வற்புறுத்துகிறது. தமிழ் எங்கெல்லாம் துணை செய்யும், எங்கெல்லாம் கைவிடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பல பொருள் உடைய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒரே மாதிரி சிக்கல் தருபவை அல்ல. 'ஸ்பிரிங்' என்னும் சொல் வசந்த காலத்தையும் சுருள்வில்லையும் நீரூற்றையும் குறிக்கிறது. ஸ்பானியத்தில் இவை பிரிமவேரா, ரெசோர்த்தே, மனந்தியால் என மூன்று சொற்கள். ஊற்று நீரைப் பற்றி எழுதும்போது எவரும் வசந்த காலத்தின் பெயரைப் போட மாட்டார்கள். மட்டையையும் வௌவாலையும் குறிக்கும் 'பேட்' என்ற சொல்லும் அப்படித்தான். பொருள்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால், இரண்டு இருக்கின்றன என்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மாறாக, பொருள்கள் அருகருகே இருக்கும் சொற்களில்தான் நாம் வழுக்குகிறோம். ஏனெனில் அங்கே இரண்டு பொருள்கள் இருப்பதே ஆங்கிலத்தில் சிந்திக்கும் ஒருவருக்குத் தோன்றுவதில்லை.

'கார்னர்' இதற்கு நல்ல சான்று. அறையின் உள்ளே இரு சுவர்கள் கூடும் இடமும், தெருவில் நடந்து போகும்போது நாம் திரும்பும் இடமும் ஆங்கிலத்தில் ஒன்றுதான். ஸ்பானியத்தில் உள்ளிருந்து பார்க்கும் மூலை ரின்கோன். வெளியிலிருந்து பார்க்கும் முனை எஸ்கீனா. ஒரு குழந்தை அறையின் ரின்கோனில் ஒளிந்துகொள்ளலாம். பேருந்து நிற்பது தெருவின் எஸ்கீனாவில். தமிழரும் அறை மூலை என்றும் தெரு முனை என்றும்தான் சொல்கிறார்கள். ரின்கோன் என்ற சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. 711ஆம் ஆண்டு முதல் 1492 வரை, இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்துள்ள ஐபீரியத் தீபகற்பத்தின் பல பகுதிகள் முஸ்லிம் ஆட்சியில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான அரபுச் சொற்கள் ஸ்பானியத்தில் சேர்ந்தன; பல இடங்களில் பழைய லத்தீன் சொல்லும் புதிய அரபுச் சொல்லும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. ஒலிவ மரத்துக்கு லத்தீன் வழிவந்த ஒலீவோ என்ற பெயரும், அதன் காய்க்கு அரபு வழிவந்த அசேய்த்தூனா என்ற பெயரும் வழங்குவது அப்படி அமைந்த ஏற்பாடு. ஆங்கிலத்தில் மரத்துக்கும் காய்க்கும் ஒரே பெயர்.

மீனின் கதை வேறு. நீரில் நீந்துவது பெஸ். பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு அது பெஸ்காதோ. இரண்டாவது சொல் 'மீன்பிடித்தல்' என்ற வினையிலிருந்து பிறந்த எச்சவடிவம். அதன் நேர்ப்பொருளே 'பிடிக்கப்பட்டது' என்பதுதான். இந்தச் செய்தி தெரிந்துவிட்டால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. இங்கே தமிழ் உதவுவதில்லை, நமக்கும் இரண்டுக்கும் மீன் என்ற ஒரே சொல்தான். காதும் அப்படியே: கம்மல் தொங்கும் வெளிக்காது ஓரெஹா, கேட்கும் உறுப்பாகிய உட்காது ஓயீதோ. காது வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல வந்தவர் முதற்சொல்லைப் பயன்படுத்தினால், மருத்துவர் காதுமடலைத்தான் முதலில் பார்ப்பார்.

பெயர்ச்சொற்களில் நேரும் பிழை ஓர் இடத்தோடு முடிந்துவிடும். வினைச்சொற்களில் நேர்ந்தால் வாக்கியம் முழுவதும் திரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'பி' என்னும் அடிப்படை வினை ஒன்று செய்யும் வேலையை ஸ்பானியத்தில் செர், எஸ்தார் என்ற இரண்டு வினைகள் செய்கின்றன. எஸ்தார் 'நிற்றல்' என்று பொருள்படும் லத்தீன் வினையின் வழிவந்தது. நிலையானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று பல பாடநூல்கள் சொல்லித் தருகின்றன. அது தொடக்கத்தில் உதவும், பிறகு ஏமாற்றும். மாத்ரித் நகரம் ஸ்பெயினில் இருப்பதை எஸ்தார் கொண்டே சொல்ல வேண்டும், நகரம் எங்கும் நகர்ந்துவிடப் போவதில்லை என்றாலும். ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கும் எஸ்தார்தான். நொடிக்கு நொடி மாறும் மணியைச் சொல்லவோ செர் வேண்டும்.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. "அவர் ஆசிரியர்" என்று சொல்லும்போது நாம் வினையே இல்லாமல் வாக்கியத்தை முடிக்கிறோம். "அவர் வீட்டில் இருக்கிறார்" என்னும்போது இரு என்ற வினையைச் சேர்க்கிறோம். முதல் வாக்கியத்துக்குச் செர், இரண்டாவதற்கு எஸ்தார். ஒருவர் யார், எது என்று அடையாளம் சொல்வதும், எங்கே எப்படி இருக்கிறார் என்று நிலை சொல்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதை நம் மொழியின் அமைப்பே உணர்த்துகிறது. "சோர்வாக இருக்கிறார்", "சூடாக இருக்கிறது" ஆகியவையும் எஸ்தாரோடு பொருந்திவிடும். ஆனால் இந்தப் பொருத்தத்தை எல்லை கடந்து நம்பிவிடக் கூடாது: "அவள் உயரமாக இருக்கிறாள்" என்று நாம் சொன்னாலும், உயரம் அவளுடைய இயல்பு என்பதால் ஸ்பானியத்தில் செர்தான் வரும். மேலும், "மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது" என்று புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்தும்போது இவ்விரண்டும் இல்லாமல் ஆய் என்ற மூன்றாவது வடிவம் வரும். "அந்தப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது" என்றால் மீண்டும் எஸ்தார். அடுத்து வரும் சொல் மாறாமல் வினை மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு லீஸ்தோ என்ற பெயரடை போதும். செர் வினையோடு அது ஒருவரைக் கெட்டிக்காரர் என்கிறது, எஸ்தாரோடு ஆயத்தமாகிவிட்டார் என்கிறது. அபுர்ரீதோ என்பதை எடுத்துக்கொண்டால், சலிப்பூட்டும் ஆளுக்கும் சலித்துப்போன ஆளுக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுவதும் வினையில்தான் இருக்கிறது.

'தெரிதல்' என்று பொருள்படும் 'நோ' என்ற ஆங்கில வினைக்கு நேராகச் சபேர், கொனோசெர் என்று இரண்டு உண்டு. செய்தியோ திறமையோ தெரிந்திருப்பது சபேர். ஆளோ ஊரோ பழக்கமாகியிருப்பது கொனோசெர். தமிழில் "நீந்தத் தெரியும்", "அவரைத் தெரியும்" என்று இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால் இங்கே சற்று நிதானம் தேவை. இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்ற ஓர் ஆளின் பெயரோ இடத்தின் பெயரோ வந்தால் கொனோசெர் என்று கொள்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். இறந்தகாலத்தில் பொருள் இன்னும் கூர்மையாகிறது: முடிந்த செயலைக் குறிக்கும் இறந்தகால வடிவில் சபேர் 'தெரியவந்தது' என்றும், கொனோசெர் 'அறிமுகமானார்' என்றும் பொருள் தருகின்றன.

கேட்டல் என்ற தமிழ் வினை ஆங்கிலத்தைவிடவும் அகலமானது. வழி கேட்டான், தண்ணீர் கேட்டான், பாட்டுக் கேட்டான் என்று மூன்றையும் நாம் ஒரே வினையால் சொல்கிறோம். ஸ்பானியத்தில் முதலாவது பிரெகுந்தார், இரண்டாவது பெதீர், மூன்றாவது எஸ்குச்சார். ஆங்கிலத்தின் 'ஆஸ்க்' முதல் இரண்டையும் கலந்துவிடுகிறது. கேட்டதற்கு விடையாக ஒரு சொல்லோ செய்தியோ கிடைக்குமானால் பிரெகுந்தார் என்றும், ஒரு பொருளோ உதவியோ கிடைக்குமானால் பெதீர் என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

'ஃபார்' என்ற முன்னிடைச்சொல்லுக்குரிய போர், பாரா என்னும் இணையை விரிவாகப் பேசத் தனிக் கட்டுரையே வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: பின்னே நின்று தூண்டும் காரணத்தைப் போர் காட்டுகிறது, முன்னே இருக்கும் இலக்கையோ பெறுபவரையோ பாரா காட்டுகிறது. உன்பொருட்டுச் செய்தேன் என்பதும் உனக்கென்று செய்தேன் என்பதும் இப்படித்தான் பிரிகின்றன.

'ஃப்ரீ' என்ற சொல்லைக் குறித்து ஆங்கிலம் பேசுபவர்களே பல ஆண்டுகளாக வருந்தியிருக்கிறார்கள். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983இல் அறிவித்ததைத் தொடர்ந்து வளர்ந்த மென்பொருள் இயக்கம், தான் பேசுவது விடுதலையைப் பற்றியே தவிர விலையைப் பற்றி அன்று என்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. ஸ்பானியத்தில் அந்த விளக்கத்துக்குத் தேவையே எழவில்லை. விடுதலைக்கு லீப்ரே, விலையின்மைக்குக் கிராத்திஸ் என்று முன்பே பிரிந்திருப்பதால், அத்தகைய மென்பொருள் அங்கே லீப்ரே என்றே வழங்குகிறது. தமிழிலும் கட்டற்ற மென்பொருள் என்று சரியான பொருளைப் பிடித்திருக்கிறோம், இலவச மென்பொருள் என்றால் அது வேறு. எனினும் லீப்ரேயின் எல்லையும் நாம் நினைப்பதுபோல் நேர்கோடாக இல்லை. காலியான இருக்கையும் ஓய்வு நேரமும் லீப்ரேதான். கட்டணமின்றி நுழையலாம் என்று அறிவிக்கும் பலகையிலும் 'நுழைவு லீப்ரே' என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். சர்க்கரை சேராத ஒன்றைக் குறிக்கவோ இரண்டும் பயன்படா, 'இல்லாமல்' என்று பொருள்படும் சின் என்ற சொல்தான் வேண்டும்.

சரியான சொல்லைப் பிடித்த பிறகும், அது ஆண்பாலா பெண்பாலா என்பதில் தவறிவிட்டால் பொருள் மாறிவிடும் இடங்களும் உண்டு. ஆங்கிலத்தின் 'ஆர்டர்' வரிசையையும் கட்டளையையும் வாங்குவதற்கான வேண்டுகோளையும் குறிக்கிறது. மூன்றாவதற்குப் பெதீதோ என்ற தனிச் சொல் பரவலாக வழங்குகிறது. முதல் இரண்டுக்கும் ஓர்தென் என்ற ஒரே சொல். ஆண்பாற் சுட்டோடு எல் ஓர்தென் என்றால் வரிசை அல்லது ஒழுங்கு, பெண்பாற் சுட்டோடு லா ஓர்தென் என்றால் கட்டளை. எல் கபிதால் மூலதனம், லா கபிதால் தலைநகரம். எல் கொமேத்தா வானத்தில் தோன்றும் வால்மீன், லா கொமேத்தா நூல் கட்டிப் பறக்கவிடும் பட்டம். அகராதியில் பாலைக் காட்டும் ஒற்றை எழுத்தைப் பலர் இலக்கணக் குறிப்பாக மட்டும் கருதிக் கடந்து போகிறார்கள். இச்சொற்களில் பொருளே அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

வடிவ ஒற்றுமை தரும் ஏமாற்றம் இதைவிடக் கொடியது. ஆங்கிலத்தில் 'பில்லியன்' 100 கோடி. எழுத்தில் ஏறத்தாழ அப்படியே தோன்றும் ஸ்பானியத்தின் பில்யோன் ஒரு லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வேறுபாடு. 100 கோடியை ஸ்பானியத்தில் 'ஆயிரம் மில்யோன்கள்' என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்று பொருள்படும் 'ஒன்ஸ்' என்ற சொல், அதே நான்கு எழுத்துகளோடு, ஸ்பானியத்தில் ஓன்ஸே என்று ஒலித்து 11 என்ற எண்ணைக் குறிக்கிறது. நாளுக்கு ஒருமுறை உட்கொள்ள வேண்டிய மருந்தின் உறையில் அந்த ஆங்கிலச் சொல் பெயர்க்கப்படாமல் நின்றுவிட்டால், ஸ்பானியம் மட்டுமே அறிந்த நோயாளி அதை எப்படிப் படிப்பார் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

இது வெறும் கற்பனையான அச்சம் அன்று. 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவைச் சேர்ந்த அவருடைய குடும்பத்தினர், உண்டதோ குடித்ததோ ஒவ்வாமல் உடல் கெட்டுவிட்டது என்ற பொருளில் இன்தோக்ஸிகாதோ என்ற சொல்லைச் சொன்னார்கள். கேட்டவர்கள் அதை ஆங்கிலத்தின் 'இன்டாக்ஸிகேட்டட்' என்று எடுத்துக்கொண்டு, போதைப்பொருளை அளவு மீறி உட்கொண்டதற்கான சிகிச்சையைத் தொடங்கினார்கள். உண்மையில் அவருக்கு ஏற்பட்டிருந்தது மூளைக்குள் இரத்தக் கசிவு. காலம் கடந்து அது கண்டறியப்பட்டபோது அவருடைய கைகால்கள் நிலையாகச் செயலிழந்திருந்தன. பிறகு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீடு ஏறத்தாழ 7.1 கோடி டாலர். மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களின் பயிற்சியில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது.

ஆகவே அகராதியை எப்படிப் பயன்படுத்துவது என்பது முக்கியமாகிறது. முதலில் அந்த ஆங்கிலச் சொல் வாக்கியத்தில் பெயரா, வினையா, பெயரடையா என்று பார்த்துவிட வேண்டும். பாதிச் சொற்கள் அங்கேயே விலகிவிடும். அடுத்து, நான் மேலே வற்புறுத்தியபடி, அந்தப் பொருளைத் தமிழில் ஒரு சிறு தொடராகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நல்ல இருமொழி அகராதிகள் ஒவ்வொரு ஸ்பானியச் சொல்லுக்கும் முன்னால் சாய்வெழுத்திலோ அடைப்புக்குறிக்குள்ளோ சில குறிப்புகள் தருகின்றன: கணினித் துறை, சட்டம், பேச்சுவழக்கு, மெக்சிகோ, ஸ்பெயின் என்பன போல. அவசரத்தில் தேடுபவர் தவறவிடுவது அந்தக் குறிப்புகளைத்தான். கோப்பைச் சேமிக்கக் குவர்தார், பணத்தைச் சேமிக்க ஆஓர்ரார், உயிரைக் காக்கச் சல்வார் என்ற வேறுபாடு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. கோப்புக்கும் பணத்துக்கும் சேமித்தல் என்றே சொல்லும் நமக்கு அந்தக் குறிப்பு இரட்டிப்புத் தேவை.

பிறகு செய்ய வேண்டியது, பலர் செய்யாமல் விடுவது: கிடைத்த ஸ்பானியச் சொல்லை அகராதியின் மறுபாதியில் தேடிப் பார்ப்பது. தியெம்போவை அப்படித் திருப்பிப் பார்த்தால் அது வானிலையையும் குறிக்கும் என்பது தெரியவரும். ஒரு சொல்லின் அகலம் அதன் சொந்த மொழியில்தான் முழுமையாகத் தெரியும் என்பதால், கொஞ்சம் தேறியவர்கள் ஸ்பானியத்துக்கு ஸ்பானியத்திலேயே பொருள் கூறும் அகராதிக்குப் போய்விடுவது நல்லது. 1713இல் மாத்ரிதில் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச அகாதெமி தன் முதல் அகராதியை 1726 முதல் 1739 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. அதன் இன்றைய அகராதியை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். உண்மையான எழுத்திலும் பேச்சிலும் வந்த வாக்கியங்களைத் திரட்டிய அகாதெமியின் உரைத்தொகுப்பும் அங்கே இருக்கிறது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதை அறிய அதைப்போல் உதவுவது வேறில்லை. கனமான பெட்டி பெசாதா, கனமழை ஃபுயெர்த்தே, ஓயாமல் புகைப்பவர் எம்பெதெர்னீதோ. ஆங்கிலத்தில் மூன்றும் 'ஹெவி'.

கணினியைக் கொண்டு மொழிபெயர்க்க முயன்றவர்களுக்கு இந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே தெரியும். அமெரிக்க அறிவியலாளர் வாரன் வீவர் 1949இல் இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி எழுதிய குறிப்பு ஒன்றில், பக்கத்தை மூடிய அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரியுமளவுக்குத் துளையிட்டுப் பார்த்தால் அதன் பொருளை முடிவு செய்ய இயலாது என்றும், துளையை இருபுறமும் சில சொற்கள் தெரியும்படி அகலமாக்கினால் முடிவு செய்யலாம் என்றும் வாதிட்டார். 1960இல் இஸ்ரேலிய மெய்யியலாளர் யெஹோஷுவா பார்ஹில்லெல் அதை மறுத்தார். ஒரு சிறுவன் தன் பொம்மைப்பெட்டியைத் தேடும்போது வரும் "பெட்டி பென்னுக்குள் இருந்தது" என்ற வாக்கியத்தில் 'பென்' எழுதுகோல் அன்று, குழந்தை விளையாடும் தடுப்பு என்பது நமக்கு உடனே விளங்குகிறது. பொம்மைப்பெட்டி எழுதுகோலைவிடப் பெரியது என்ற உலக அறிவு நமக்கு உண்டு, இயந்திரத்துக்கு இல்லை என்றார் அவர். இன்றைய மொழிபெயர்ப்புச் செயலிகள் முழு வாக்கியத்தையும், பல வேளைகளில் பத்தியையும், சேர்த்துப் பார்ப்பதால் இத்தகைய வாக்கியங்களைப் பெரும்பாலும் சரியாகவே பெயர்க்கின்றன. ஒற்றைச் சொல்லை மட்டும் கொடுத்தால் அவற்றின் நிலையும் வீவரின் சிறு துளைதான். 'ஓபன்' என்று ஒரு பொத்தானில் எழுதியிருந்தால் அது திற என்னும் ஏவலா, திறந்திருக்கிறது என்னும் நிலையா என்று எந்தச் செயலியும் அறிய முடியாது. முதலாவது அப்ரீர், இரண்டாவது அபியெர்த்தோ. செயலியைப் பயன்படுத்துவோர் சொல்லைத் தராமல் வாக்கியத்தைத் தர வேண்டும்.

அந்த 'பென்' எழுதுகோல்தான் என்று தெளிவான பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஸ்பெயினில் அது பொலீக்ராஃபோ, மெக்சிகோவில் ப்ளூமா, அர்ஜென்டினாவில் லபிசேரா, பெருவில் லபிசேரோ. ஏறத்தாழ 20 நாடுகளின் ஆட்சிமொழியாகிய ஸ்பானியத்தில் அன்றாடப் பொருள்களின் பெயர் எல்லை கடந்தால் மாறிவிடுகிறது. பயணச்சீட்டு ஸ்பெயினில் பில்யேத்தே, லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் போலேத்தோ. குவாகுவா என்பது கியூபாவில் பேருந்து, சிலியில் கைக்குழந்தை. எடுத்தல், பேருந்தைப் பிடித்தல் ஆகியவற்றுக்கு ஸ்பெயினில் கூச்சமின்றி நாள்தோறும் வழங்கும் கொஹேர் என்ற வினை, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் சபையில் சொல்லத் தகாதது. அங்கே தோமார் என்றோ அகர்ரார் என்றோ சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழி அகாதெமிகளின் சங்கம் 2010இல் அமெரிக்கக் கண்டத்து வழக்குகளுக்கென்றே தனி அகராதி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. எழுதுபவர் தம் வாசகர் எந்த நாட்டவர் என்று முதலிலேயே அறிந்துகொண்டால் அந்நாட்டுக் குறிப்பு உள்ள சொல்லை எடுக்கலாம்; வாசகர் பல நாட்டவராக இருந்தால், குவாகுவாவை விட்டு, எங்கும் விளங்கும் அவுத்தோபூஸைப் போட்டுக்கொள்ளலாம்.